டைனமோவில் ஓடின பாட்டு

மார்ச் மாதத்தில் யாழ். மத்திய கல்லூரி மைதானத்துப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பரி. யோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் நடக்கிற ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி. ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே கொடியோடு நிற்கிறவனுக்கு ஸ்கோர் எல்லாம் இரண்டாம் பட்சம். அவனுக்கு ட்ரம்பெட் வேணும், ட்ரம் வேணும், விக்கெட் விழுந்தால் ஆடுறதுக்கு ஒரு பைலா வேணும். சில வருசத்துக்கு முதல் அப்பிடி ஆடிக் களைச்சுப்போய் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தின ஒரு பெடியனிட்ட, “உந்தச் ‘சின்ன மாமியே’ ஆற்ற பாட்டு, தெரியுமோ?” என்று கேட்டேன்.

“அது பழைய நாட்டுப் பாட்டு அண்ணை. ஒருத்தரும் எழுதேல்லை. அது சும்மா இருக்கு.”

அதே பெடியன் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தன்ர ஃபோனில் சென்னையிலிருந்து வந்த ஒரு சுயாதீன அல்பத்தைப் போட்டுக் காட்டினான். யார் எழுதினது, யார் மிக்ஸ் பண்ணினது, எந்தப் பாட்டு முதல் வெளிவந்தது என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தான். “எங்களுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையே அண்ணை” என்றும் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய வயதில் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ‘அது சும்மா இருக்கு’ என்ற வசனம் மனதில் முள்ளாய் நின்றுவிட்டது. ஒரு பாட்டு எப்படிச் சும்மா இருக்கும்?

இந்தக் கட்டுரை பாடினவர்களைப் பற்றியதை விட, கேட்டவர்களைப் பற்றியது. ஆனால் பாடினவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘சின்ன மாமியே’யைப் பாடியவர் நித்தி கனகரத்தினம். ஊர் உரும்பிராய். 1960களின் பிற்பகுதியில் அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் விவசாயம் படிக்கப் போன இளைஞர். கையில் ஒரு கிற்றார். பிறகு ‘தமிழ்ப் பொப்பிசையின் தந்தை’ என்று ஊர் அவரைச் சொல்லத் தொடங்கியது. அவர் தன்னுடைய பாட்டுகளுக்கு வைத்த பெயர் ‘துள்ளிசை’. (தமிழ்நாட்டில் ‘பாப்’ என்று எழுதுவதை நாங்கள் ‘பொப்’ என்று எழுதுவோம். இந்த ஒரு எழுத்தை வைத்தே, பழைய சஞ்சிகை ஒன்று எந்தக் கரையில் அச்சானது என்று சொல்லிவிடலாம்.)

பைலாவின் வேர் போர்த்துக்கேயரோடு வந்தது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்களிடம் விழுந்தது, 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். ஆட்சி போனாலும் தாளம் போகவில்லை. அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மக்களின் பிள்ளைகளிடமும், மட்டக்களப்புப் பறங்கியரிடமும் அது தங்கியது. மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் அந்த ஆட்டம் நெடுநாள் இருந்தது. தெற்கில் பொலிஸ்காரராக இருந்த வோலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பாடிப் பெரிய அலையாக்கினார். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவும் மின் கிற்றாரோடு சிங்களப் பாட்டின் முகத்தையே மாற்றினார்கள். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். அம்பாறை மட்டக்களப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே சிங்களமும் தமிழும் ஒரே விடுதியில் படுத்தெழும்பும். உரும்பிராய்ப் பெடியன் ஒருவன் யாழ்ப்பாணத்திலேயே படித்திருந்தால் இந்தப் பாட்டு வந்திருக்குமா? வந்திருக்காது என்பது என்னுடைய ஊகம்.

ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் அப்போது இசை என்றால் வேறு. உரும்பிராயிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் மருதனார்மடம். அங்கே 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி. பக்கத்தில் இணுவில், நாதஸ்வரமும் தவிலும் முழங்குகிற ஊர். தமிழ்நாட்டு வித்துவான்களே எழும்பி நின்று கேட்ட தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த காலம் அது. சங்கீதம் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு மதிப்பு. பைலாவோ வெறிக்காரர் ஆடுகிற ஆட்டம். இது ஒரு பக்கம். மறுபக்கம் இலங்கை வானொலி. 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தபோது, கொழும்பிலிருந்து சினிமாப் பாட்டை அள்ளி இறைத்து முழு உபகண்டத்தையும் தன் பக்கம் இழுத்த நிலையம். மயில்வாகனம் தொடக்கம் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் வரை, அறிவிப்பாளர்களின் குரலுக்கே ரசிகர் கூட்டம் இருந்தது. ஆனால் அந்தக் குரல்கள் போட்ட பாட்டுகள் பெரும்பாலும் கோடம்பாக்கத்துப் பாட்டுகள். குரல் எங்கட, பாட்டு அவங்கட.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாமி வந்தா. அதுவும் எப்படிப்பட்ட மாமி! வேலிக்கு அங்கால நிண்டு, மகளை ஒளிச்சுவைச்சுக்கொண்டு, பெடியனோட வாய் காட்டுகிற யாழ்ப்பாணத்து மாமி. நித்தியின் மற்றப் பாட்டுகளையும் பாருங்கள்: ஒன்று கள்ளுக்கடைப் பக்கம் போகிறவனைப் பற்றியது, இன்னொன்று லண்டன் மாப்பிள்ளையைப் பற்றியது. அகதியாகப் போனவர்களைச் சொல்லவில்லை. அதுக்கு முந்தி, படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் கப்பலேறிப் போய், சீதனத்துக்காகத் திரும்பி வந்த மாப்பிள்ளைமார். சினிமாப் பாட்டில் காதலி நிலவாகவும் மானாகவும் இருந்த காலத்தில், ஒரு பாட்டில் எங்கட ஒழுங்கை வருகிறது, எங்கட நக்கல் வருகிறது, ‘உதென்ன கதை’ என்கிற தொனி வருகிறது. கேட்டவர்களைப் பிடித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டால் மெட்டைப் பற்றிச் சொல்லமாட்டினம். “எங்கட மாமி மாதிரியே” என்றுதான் தொடங்குவினம்.

*

வெங்காயத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சிரிக்க வேண்டாம்.

1970இலிருந்து 1977 வரை இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. மிளகாய், வெங்காயம் வெளியிலிருந்து வருவது குறைந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரருக்கு விலை கிடைத்தது. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிப் பக்கத்தில் அந்த வருசங்களில் கல்வீடு கட்டின கதைகள் இன்னும் உண்டு. கல்வீட்டுக்குள் ஒரு றேடியோ வந்தது. அதே அரசாங்கம் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளையும் படங்களையும் கட்டுப்படுத்தியது. ஆனந்த விகடனுக்குப் பழகினவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் உள்ளூரில் எழுதினவனுக்கும் படம் எடுத்தவனுக்கும் பாடினவனுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. ரசனை திடீரென்று வளர்ந்துவிடவில்லை. கையில் காசு இருந்தது, கடையில் வெளிச்சரக்கு இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் ‘ஈழத்துப் பாட்டு’ என்ற ஒன்றுக்குக் காது திறந்தது. ரசிகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு வெறும் ‘ஆர்வம்’ என்று எழுதிவிடுவார்கள். ஆர்வத்துக்கும் ஒரு சந்தை விலை உண்டு.

அந்த இடைவெளியில் எத்தனை பேர்! ஸ்டனி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை, ‘வான நிலவில்’ பாடிய இராமச்சந்திரன். திருகோணமலையில் பரமேஷும் கோணேஷும், துள்ளலை விட மெல்லிசைப் பக்கம் சாய்ந்தவர்கள், சொந்தப் பாட்டை இசைத்தட்டாகவே கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இசைவாணர் கண்ணனின் கோஷ்டி. கோயில் திருவிழா இரவுகளில் சின்னமேளம் இருந்த இடத்துக்குக் கோஷ்டிகள் வந்து, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே பொப் பாட்டையும் போட, சனம் ‘இன்னொருக்கா’ என்று கத்தியது.

இவர்களில் கடலைத் தாண்டினவர் ஏ. ஈ. மனோகரன். அவருடைய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. மீன் கொண்டுவருகிற பாட்டு. சென்னைக்காரருக்கு ‘மாளு’ என்றால் மீன் என்று தெரியாது, ஆனால் பாடினார்கள். ‘சிலோன் மனோகர்’ என்று பெயரும் வைத்தார்கள். 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் அதைப் பாடியபோது, அது கோடம்பாக்கத்துப் பாட்டாகவே போய்விட்டது. மனோகரன் சினிமாவிலும் நடித்தார். செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த எங்கட ‘வாடைக்காற்று’ (1978) படத்திலும் இருக்கிறார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். 2021இல் யொஹானியின் குரலில் ‘மெனிகே மகே ஹித்தே’ இந்தியா முழுக்க ஓடியபோது, “ஒரு சிங்களப் பாட்டு இப்பிடிப் போறது இதுதான் முதல்தரம்” என்று என் கூட்டாளி ஒருத்தன் சத்தியம் பண்ணினான். அவனுடைய அப்பாவுக்கு ‘சுராங்கனி’ மனப்பாடம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு இருந்த ஆசை, ‘அந்தக் காலத்தில் சிங்களவரும் தமிழரும் ஒரே தாளத்துக்கு ஆடினார்கள்’ என்று ஒரு இனிப்பான பந்தி எழுதுவது. ஆடினார்கள்தான். ஆனால் அதே வருசங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1971இல் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வருகிறது. கூடப் புள்ளி எடுத்தும் வீட்டில் இருக்க வேண்டி வந்த பெடியள் வாசிகசாலைத் திண்ணையில் கூடுகிறார்கள். 1974 ஜூன் 5, பொலிஸ் சுற்றிவளைத்தபோது பொன். சிவகுமாரன் சயனைட் அருந்திச் சாகிறார். அவருடைய ஊரும் உரும்பிராய்தான். இன்றைக்கு உரும்பிராய் என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது அவருடைய சிலை. ஒரே செம்மண், ஒரே தலைமுறை. ஒருத்தர் கிற்றாரோடு போனார், ஒருத்தர் சயனைட்டோடு. திண்ணையில் இருந்த பெடியள் இரண்டு பேரையும் கேட்டார்கள். பின்னேரம் பொப், இரவில் அரசியல். இரண்டையும் பிரித்து, ஒன்று விளையாட்டு மற்றது வரலாறு என்று எழுதுவது எங்களுக்குப் பிறகு பழகின பழக்கம்.

1977க்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட, வெங்காயத்துக்கு விலை விழுந்தது. இந்தியப் படங்கள் அடைமழையாய் வந்தன. யப்பான் கசெட் றெக்கோடர் வந்தது. ‘அன்னக்கிளி’க்குப் பிந்தின இளையராஜா வந்தார். அவருக்கு முன்னால் யார்தான் நிற்பது? உள்ளூர்ப் படமும் பாட்டும் ஒன்றாய்ச் சுருங்கின. பாடினவர்களும் ஒவ்வொருவராய் வெளியே போனார்கள். 1977 கலவரத்தில் கொஞ்சம், 1983 ஜூலைக்குப் பிறகு அதிகம். நித்தியும் பின்னாளில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். லண்டன் மாப்பிள்ளையைப் பகிடி பண்ணின தலைமுறையே கடைசியில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்ணுக்கும் போனது. இதில் பகிடி ஒன்றும் இல்லை.

*

என் பெரியப்பாவிடம் ஒரு கசெட் இருக்கிறது. 1983இல், கலவரத்துக்குச் சில மாதம் முந்தி, யாழ்ப்பாண டவுனில் ஒரு றெக்கோடிங் பாரில் குடுத்து அடித்தது.

றெக்கோடிங் பாரைப் பார்த்திராதவர்களுக்கு: வெற்றுக் கசெட்டும் கொப்பித்தாளில் எழுதின பாட்டு லிஸ்டும் கொண்டுபோய்க் குடுக்க வேணும். கடைக்காரர் தன்னுடைய இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து, கசெட் உறையில் வடிவான கையெழுத்தில் பேரெழுதி, இரண்டு மூன்று நாளில் தருவார். இன்றைய பிளேலிஸ்ட்தான், ஆனால் கைவேலை. உறுப்பமைய எழுதிக்குடுத்த லிஸ்ட் முடிந்தும் நாடா மிஞ்சினால், மிச்ச இடத்தைக் கடைக்காரர் தன்னுடைய விருப்பத்துக்கு நிரப்பிவிடுவார். பெரியப்பாவின் கசெட்டில் ஏ பக்கம் முழுக்க இளையராஜா. பி பக்கத்தின் கடைசிப் பதினைந்து நிமிசம், கடைக்காரர் கேட்காமலே போட்ட நாலு பொப் பாட்டுகள். பெரியப்பாவுக்கு அப்ப அது பிடிக்கவில்லை. “காசு குடுத்தது ராஜாவுக்கு. உந்தாள் மாமியைப் போட்டு வைச்சிருக்கு” என்று சண்டை பிடிக்கவே போனாராம்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு சோடி பேனா டோர்ச் பற்றரிக்கு இருந்த மரியாதை அப்போது தங்கத்துக்குக் கூட இருந்திருக்காது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் ஓஎல் எடுத்தார்கள். இதெல்லாம் எங்கட அம்மா அப்பாமார் ஆயிரம் தரம் சொன்ன கதைதான். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டதையும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று யாராவது விளக்கமாகக் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டேன்.

சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் பட நிறுத்த வேணும். பெடலைக் கையால் சுழற்றினால் பின்சில்லு சுற்றும். ரயரில் உரசுகிற டைனமோ 6 வோல்ற் தரும். ஆனால் அது தருவது மாறி மாறி ஓடுகிற மின்சாரம், வெளிச்சம் போட மட்டும் சரி. றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம் வேணும். அதுக்குப் பழுதாய்ப்போன ஏதாவது சாமானிலிருந்து நாலு டயோட்டைக் கழற்றி இணைக்க வேணும்; இரைச்சல் குறைய ஒரு கப்பாசிற்றர். ஊரில் றேடியோ திருத்தத் தெரிந்தவன் அந்த நாளில் டொக்டருக்குச் சமன். சின்ன றேடியோவுக்குக் கை மெதுவாய்ச் சுற்றினால் போதும். இரவில் பிபிசி தமிழோசைக்கும், வெரித்தாஸுக்கும் அப்படிச் சுற்றினார்கள். செய்தி என்பது உயிர்ப் பிரச்சினை, அதுக்குச் சுற்றுவது விளங்குகிறது. கசெட் பிளேயருக்குள் மோட்டர் இருக்கு, அது கூடச் சக்தி கேட்கும், சீரான வேகம் கேட்கும். செய்தி கேட்டு முடிந்த பிறகும் ஏன் சுற்றினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

பெரியப்பா வீட்டில் முறை வைத்துச் சுற்றினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. சுற்றுகிறவனுக்குத்தான் எந்தப் பாட்டு என்று சொல்கிற உரிமை. கசெட்டைத் திருப்பிப் போடவோ முன்னுக்கு ஓட்டவோ பெடலை மிதித்து வீணாக்குவதில்லை. பல்லுச்சில்லுக்குள் பேனையை விட்டுக் கையால் சுழற்றுவது. சில்லு சுற்றுகிற இரைச்சலில் பொம்பர் வருவது கேட்காது என்பதால் ஒரு ஆள் முற்றத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேணும். அந்த ஆளுக்குப் பாட்டுக் கேட்காது. அதனால் அடுத்த பாட்டு அவருடைய விருப்பம். இப்படி ஒரு சட்டம் எழுதப்படாமலே இருந்தது.

இந்த முறையில்தான் பி பக்கம் வென்றது. இளையராஜாவின் பாட்டுகள் நாலரை நிமிசம், ஐந்து நிமிசம். வயலின் எழும்பி எழும்பி வருகிற இடத்தில் கை தளர்ந்தால், அந்த வயலின்கள் ஒப்பாரி வைக்கும். கேட்கச் சகிக்காது. பொப் பாட்டோ சின்னது. கிற்றார், தாளம், ஒரு குரல், அவ்வளவுதான். வேகம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் குடி முழுகாது. அதுக்கு மேல, சுற்றுகிற கைக்கு அந்தத் தாளம் தோதானது. பைலாத் தாளத்தின் துள்ளலும் பெடல் மேலே வந்து கீழே போகிற ஆட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று பெரியப்பா மேசையில் தட்டிக் காட்டினார். முதல் சண்டை பிடிக்கப் போன அதே மாமிக்குத்தான் பிறகு அஞ்சு வருசம் கையுளையச் சுற்றியிருக்கிறார்.

எல்லா வீட்டிலும் பொப் ஓடியது என்று நான் சொல்லவில்லை. அந்த வருசங்களில் தெருவிலும் சந்தியிலும் ஜெனரேற்றர் வைத்த மண்டபங்களிலும் கேட்டது பெரும்பாலும் இயக்கப் பாட்டுகள்தான். அது தனியாக எழுதவேண்டிய பெரிய கதை. எழுதத் துணிவும் நிதானமும் வேணும், இங்கே அவசரத்தில் தொட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆனால் கதவைச் சாத்தின பிறகு, ஒரு வீட்டு ஆட்கள் தங்கள் சொந்தக் கைச்சக்தியைச் செலவழித்து எதைக் கேட்டார்கள் என்பது வேறு ஒரு வரலாறு. அதை ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. கிளாலிக் கடலால் படகேறிப் போய்வந்த ஆட்கள் கொண்டுவந்த ‘ரோஜா’க் கசெட் எந்த வீட்டில் முதல் ஓடியது, யார் சுற்றினது என்று ஊருக்கு ஊர் சொல்ல ஆள் இருக்கு. கேட்கத்தான் ஆளில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமம் முழுக்க வீதியில் இறங்கித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே அந்தக் கசெட்டும் போனது. டைனமோ பூட்டின சைக்கிள் பெட்டியைச் சுமந்தது. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, பிளேயரும் இல்லை. கசெட் மட்டும் மிச்சம்.

*

சமாதான காலத்தில், 2005இல், லண்டனில் ஒரு அல்பம் வந்தது. பெயர் ‘அருளர்’. பாடினவர் எம்.ஐ.ஏ., மாதங்கி அருள்பிரகாசம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1980களின் நடுவில் அகதியாக லண்டனுக்குத் திரும்பினவர்; அல்பத்துக்குத் தகப்பனின் இயக்கப் பெயரை வைத்தார். மேற்குலக விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. எங்களைப் பற்றி உலகம் கேட்ட முதல் அல்பம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எங்கட ஒழுங்கையில் எனக்குத் தெரிந்து ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டதே பல வருசம் பிந்தி. அது அவருடைய பிழை இல்லை, எங்களுடையதும் இல்லை. ‘சின்ன மாமியே’ எங்களிடமிருந்து எங்களுக்கு வந்தது, ‘அருளர்’ எங்களிடமிருந்து வேறு யாருக்கோ போனது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு யுத்தம்.

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தபோது கதை வேறு. யாழ்ப்பாணத்து பஸ், ஓட்டோ, ரியூசன் கொட்டில் எல்லாம் அதுதான். மலையகத்துக்குப் போய்த் திரும்பின கூலிகளின் நினைவு அறிவின் சொல்லில் இருந்ததால், எங்களில் பலருக்கு அது வெறும் ஆட்டப்பாட்டாக இருக்கவில்லை. கொஞ்ச மாதத்திலேயே யாருடைய பெயர் முன்னுக்கு வரவேணும், யாருடைய படம் அட்டையில் வரவேணும் என்ற பிரச்சினை கிளம்பியது. சமூக வலைத்தளங்களில் எங்கட பெடியளும் அறிவுக்காக வரிந்துகட்டி நின்றார்கள். நின்றது சரி. ஆனால் எனக்கு அப்ப மைதானத்துப் பெடியனின் ஞாபகம்தான் வந்தது. அறிவின் பெயருக்காகச் சண்டை பிடிக்கிற நாங்கள் நித்தியின் பெயரை எப்ப தொலைத்தோம்?

தொலைத்ததற்கு வெளியார் யாரையும் குற்றம்சொல்ல முடியவில்லை. இசைத்தட்டுகள் எரிந்தன, கடைகள் உடைந்தன, வானொலிச் சேமிப்பு எங்கட கைக்கு எட்டாத கொழும்பில் இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் பாட்டு அழியவில்லையே. கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் மைதானத்திலும் வாயால் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டைக் காப்பாற்றினவர்கள் கேட்டவர்கள்தான், பாடினவரின் பெயரைக் கழற்றிவிட்டவர்களும் அதே கேட்டவர்கள்தான். அளவுக்கு மீறிப் பிடித்துப்போன பாட்டை ஊர் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்ட பிறகு, உரிமைக்காரர் உயிரோடு இருக்கும்போதே அது ‘நாட்டார் பாடல்’ ஆகிவிடும். இதைப் பாராட்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடின ஒரு மனிதனிடம் போய் “உன்ர பாட்டு சும்மா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள்.

நூலகம் நிறுவனம் 2005இலிருந்து எங்கட புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கி வைத்திருக்கிறது. ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. அச்சுக்கு இருக்கிற அளவு மரியாதை கசெட்டுக்கு எங்கட வீடுகளில் இல்லை என்பதுதான் சிக்கல். பழைய புத்தகத்தை எறிய மனம் வராதவர்கள் கசெட்டை உருவி, தோட்டத்தில் குருவி கலைக்கக் கட்டினார்கள். வெயிலில் மினுங்கும், காற்றில் இரையும், குருவி வராது. நானே சின்ன வயதில் கட்டியிருக்கிறேன். அந்த நாடாவில் என்ன இருந்ததோ.

பெரியப்பாவின் கசெட்டைப் போன வருசம் கெஞ்சி வாங்கினேன். நாடா ஒரு இடத்தில் பூஞ்சணம் பிடித்து ஒட்டியிருந்தது. றேடியோ திருத்துகிற ஒரு வயதான ஐயா அதை இன்னொரு கூட்டுக்குள் மாற்றி, ஒட்டினதைப் பிரித்து, பழைய டெக் ஒன்றில் போட்டுத் தந்தார். கொம்பியூற்றரில் ஏற்றினோம். ஏ பக்கத்தில் ராஜா பாதி போய்விட்டார். பி பக்கக் கடைசி மட்டும் பழுதில்லை.

கொண்டுபோய்ப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பாட்டு முடிய முதலே கையை உயர்த்தி நிற்பாட்டச் சொன்னார்.

“பிழையாய் ஏத்திப்போட்டாய் தம்பி. வேகமா ஓடுது. பாட்டு இவ்வளவு வேகமில்லை.”

வேகம் சரிதான் என்று விளங்கப்படுத்தினேன், ஐயா அளந்து பார்த்துத்தான் பதிந்தவர் என்றேன். அவர் கேட்கவில்லை. வலது கையைக் காற்றில் வைத்து, இல்லாத ஒரு பெடலைச் சுற்றிக்கொண்டே, இப்பிடி, இந்த அளவு, என்று பாடிக் காட்டத் தொடங்கினார்.